வாய் மூடாத பிள்ளை

மின்சாரம் வராத காலத்திலும் கதிரவெளியில் நாங்கள் படம் பார்த்தோம். வாழைச்சேனையிலிருந்து ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, மாங்கேணிச் சென்றியில் இறக்கிக் காட்டி, மறுபடி ஏற்றி, பனிச்சங்கேணியும் வாகரையும் தாண்டி யாராவது கொண்டுவந்து சேர்ப்பார்கள். மண்ணெண்ணெய் போதுமானால் விடிய விடிய மூன்று படம். போதாவிட்டால் இரண்டாவது படத்தில் வில்லன் சாகுமுன்பே பாயைச் சுருட்ட வேண்டியதுதான். ரஜினியின் ‘தளபதி’யை நான் அப்படித்தான் பார்த்தேன். அதன் முடிவு பல வருடங்களுக்குப் பிறகே தெரிந்தது.

ஆவணப்படம் என்ற சொல் எங்களுக்குத் தெரியாது. ஆனால் அப்படிப்பட்ட படங்களையும் பார்த்துத்தான் இருக்கிறோம். விடுதலைப் புலிகளின் நிதர்சனம் ‘ஒளிவீச்சு’ என்றொரு வீடியோ சஞ்சிகை வெளியிட்டது. அது பள்ளிக்கூட வளவில் ஓடும், காசு வாங்க மாட்டார்கள். தாக்குதல், வீரவணக்கம், பாட்டு. முடிந்ததும் ஒருவர் எழும்பிப் பேசுவார். அந்தப் பேச்சுக்குப் பிறகு தாய்மார் தங்கட பிள்ளைகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். சுனாமிக்குப் பிறகு வேறு வகைப் படம் வந்தது. தொண்டு நிறுவனங்கள் பைபர் வள்ளம் கொடுத்ததையும் நாங்கள் அதை வாங்கியதையும் கமராவில் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தோம். யுத்தம் முடிந்த பிறகு ரூபவாஹினியில் நாடா வெட்டுவதும் கல்வெட்டுத் திறப்பதும். இந்த மூன்று வகையிலும் எங்கள் ஊர்ச்சனம் இருக்கிறது. ஒன்றில்கூட எங்கள் ஊர்ச்சனம் கமராவைப் பிடித்திருக்கவில்லை.

லண்டனில் இருக்கும் அக்காவின் மகன் வெருகல் திருவிழாவுக்கு வந்திருந்தபோது தன் ஹாட் டிஸ்க்கில் ஒரு மூட்டை ஆவணப்படம் கொண்டுவந்தான். அவன் கித்தார் வாசிக்கிறவன், றொக் பைத்தியம். எல்லாம் பாடகர்களைப் பற்றிய படங்கள், அதிலும் சீரழிந்துபோன பாடகர்களைப் பற்றியவை. இரவில் சாப்பாடு முடிந்ததும் லப்டொப்பைக் கதிரையில் வைத்துப் போடுவான். நானும் அம்மாவும் பார்ப்போம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அது அவவுக்கு ஒரு குறையாகப் படவேயில்லை. முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவா.

முதலில் நிர்வானா குழுவின் கேர்ட் கோபேன் பற்றி 2015 இல் வந்த படம். அவர் தவழ்ந்தது, பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியது, சின்ன வயதில் கித்தார் அடிப்பதாகப் பாவனை காட்டியது எல்லாம் குடும்பத்தார் எடுத்துவைத்த படச்சுருளில் இருக்கிறது. அப்பா அம்மா பிரிந்தது, வீடு வீடாக அலைந்தது, வயிற்று நோ, ஹெரோயின், பெரும்புகழ், 1994 ஏப்ரலில் இருபத்தேழு வயதில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டது. அம்மா கடைசிவரை பார்த்துவிட்டு, “இவ்வளவு பேரும் காசும் இருந்தும் ஏன் மனெ?” என்றா. மருமகனிடம் பதில் இல்லை. படத்திடமும் இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. அடுத்த நாள் அமி வைன்ஹவுஸ் பற்றிய படம். அவவும் இருபத்தேழில் போனவ. பிள்ளைக் காலத்துச் சிரிப்பு, மேடை, போதை, கமராக்காரரின் துரத்தல், சாவு. இரண்டாவது படத்தின் நடுவிலேயே அச்சு எனக்குப் பிடிபட்டுவிட்டது. பாடகர் செத்த பிறகுதான் இந்தப் படங்கள் பிறக்கின்றன. பார்க்கிறவர்களும் இரக்கப்படத் தயாராகவே வந்து உட்காருகிறார்கள்.

மூன்றாவதாகத்தான் அவன், “மாமா, இது எங்கட ஆள்” என்று சொல்லி ‘மாதங்கி / மாயா / எம்.ஐ.ஏ.’ படத்தைப் போட்டான்.

மாயா என்றும் எம்.ஐ.ஏ. என்றும் அறியப்படும் பாடகி மாதங்கி அருள்பிரகாசம் 1975 இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டவர். யுத்தம் முற்றியபோது 1986 இல் தாயோடும் சகோதரங்களோடும் அகதியாக மீண்டும் லண்டன். தென் லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற இடத்தில் அரசாங்கத் தொடர்மாடி. சென் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் சினிமா படித்தார். இலாஸ்ரிக்கா என்ற றொக் குழுவின் ஜஸ்ரின் ஃபிரிஷ்மனோடு சிநேகமாகி, அவர்களின் இசைத்தட்டுக்கு அட்டைப்படம் செய்து, அமெரிக்க இசைப்பயணத்தைக் கமராவோடு பின்தொடர்ந்து, ஃபிரிஷ்மன் இரவல் கொடுத்த ஒரு றோலண்ட் தாளப்பெட்டியைத் தட்டிப் பாட்டுக் கட்டத் தொடங்கினார். 2005 இல் ‘அருளர்’, 2007 இல் ‘காலா’. ஒன்று தகப்பன் பெயரில், மற்றது தாயின் பெயரில். ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்ற பாட்டு உலகம் சுற்றியது. ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்தில் ரஹ்மானோடு சேர்ந்து செய்த பாட்டுக்கு ஒஸ்கார் பரிந்துரை.

இவரைச் செத்த பாடகர்களின் வரிசையில் வைக்க முடியாது. குடியும் ஊசியும் இவரைக் குழப்பவில்லை. இவருடைய வியாதி வாய். அம்மா அதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டா. “இந்தப் புள்ள வாய் மூடாது போல.”

படத்தை எடுத்த ஸ்டீவ் லவ்ரிஜ் அவரோடு கல்லூரியில் படித்தவர். மாயா தன்னிடம் சேர்ந்துகிடந்த கசற்றுகளை எல்லாம் அள்ளி அவரிடம் கொடுத்துவிட்டார். படம் பல வருடம் இழுபட்டது. 2013 இல் லவ்ரிஜ் ஒரு முன்னோட்டத்தைத் தானே இணையத்தில் விட்டு, கம்பனிக்காரரோடு கொதித்து, இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று விலகினார். பிறகு திரும்பி வந்து முடித்தார். 2018 ஜனவரியில் சண்டான்ஸ் விழாவில் நடுவர் சிறப்பு விருது கிடைத்தது. முழுப் படத்தையும் மாயா முதன்முதலாகப் பார்த்ததே அங்கேதான், சனத்தோடு சனமாக. தன் இசையையும் மேடையையும் குறைத்து, தன்னுடைய ‘கெத்தை’ எல்லாம் வெட்டி எறிந்துவிட்டான் சிநேகிதன் என்று குறைபட்டுக்கொண்டார்.

குறை நியாயம்தான். அந்தப் பாட்டுகள் எப்படிக் கட்டப்பட்டன என்பதில் படம் தங்குவதில்லை. என் மருமகன்தான் பிறகு ‘பேர்ட் ஃப்ளூ’வைத் தனியாகப் போட்டுக் காட்டினான். உறுமி மேளம் உச்சியில் அடிக்கிறது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, “இது சடங்குக்கு அடிக்கிற பறையெல்லா?” என்றா. உறுமி வேறு, எங்கள் பறை வேறு. ஆனால் அம்மாவின் காது பிழையில்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கில் பறைமேளம் எழும்பும்போது அடிவயிற்றில் விழும் அதே அடி. மட்டக்களப்பில் பறைமேளக் கூத்து என்று ஒரு பெரிய கலையே இருக்கிறது. அதை ஆடுகிறவர்களைக் கோயில் வீதியில் ஒரு பக்கமாக நிற்கச் சொன்ன ஊர்களும் இங்கே இருந்தன. ‘பம்பூ பங்கா’ என்ற இன்னொரு பாட்டில் இளையராஜாவின் ‘காட்டுக்குயிலு’ ஓடுகிறது. மண்ணெண்ணெய் தீர்ந்து முடிவு தெரியாமல் எழும்பிப்போன அதே தளபதிப் பாட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் போன பிள்ளையின் காதிலும் எங்கள் காதிலும் ஒரே சாமான்தான் விழுந்திருக்கிறது. அவர் அதை நியூயோர்க் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்.

எங்களுக்கும் ஒரு பொப் இசை இருந்தது, சொல்லாமல் விடக்கூடாது. ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் எழுபதுகளில் இலங்கை முழுக்கக் கொடிகட்டியவை. அப்பா வலை பொத்தும்போது சுராங்கனிதான் பாடுவார். மாயாவின் படம் சண்டான்ஸில் ஓடிய அதே ஜனவரியில்தான் மனோகரன் சென்னையில் காலமானார். அவரைப் பற்றி இப்படி ஒரு முழுநீளப் படம் யாராவது எடுத்திருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

பாட்டை விட்டு வாய்க்கு வருகிறேன். 2009 பெப்ரவரி 8 ஆம் திகதி கிராமி விருது மேடை. நிறைமாத வயிற்றோடு, பெரிய பெரிய ராப் பாடகர்களுக்கு நடுவில் மாயா நின்று பாடினார். உலகம் முழுக்க அந்த வயிற்றையும் உடுப்பையும் பற்றிப் பேசியது. அதற்கு முந்திய நாட்களில்தான் வன்னியில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மேல் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் எந்தத் தொலைக்காட்சி அழைத்தாலும் மாயா வன்னியைப் பற்றியே பேசினார். எதிரே இருந்தவர்கள் பேச்சைப் பாட்டுக்கு, உடுப்புக்கு, அவருடைய லண்டன் தெருப் பேச்சுவழக்குக்குத் திருப்பினார்கள். அவர் மறுபடியும் வன்னிக்கு இழுத்தார். நிதானமாகப் பேசினார் என்று சொல்ல மாட்டேன். ஒன்றோடொன்று ஒட்டாமல், மூச்சு வாங்கி, ஒரு வசனத்துக்குள் நாலு விஷயத்தைத் திணித்துப் பேசினார். படத்தில் அதைப் பார்க்கும்போது, கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லு பிள்ளை என்று எனக்கே சொல்ல வந்தது.

2010 இல் நியூயோர்க் ரைம்ஸின் சஞ்சிகை அவரைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று போட்டது. புரட்சி பேசும் இந்தப் பெண், ட்ரஃபிள் என்ற விலைகூடிய காளானின் மணம் ஏற்றிய உருளைக்கிழங்குப் பொரியலைத் தின்றுகொண்டு பேசினார் என்று அதில் ஒரு குத்து. மாயா சும்மா இருக்கவில்லை. கட்டுரை எழுதியவரின் தொலைபேசி இலக்கத்தை ருவிட்டரில் போட்டார், அது எனக்குப் பிடிக்காத வேலை. அந்தப் பொரியலை ஓடர் பண்ணச் சொன்னதே எழுதிய அம்மணிதான் என்று காட்டும் ஒலிப்பதிவையும் வெளியிட்டார், அது கெட்டித்தனம். பத்திரிகை பிறகு கட்டுரையின் மேற்கோள்கள் பற்றி ஆசிரியர் குறிப்புப் போட வேண்டி வந்தது. இந்தக் கதையை நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவ யோசித்துவிட்டுக் கேட்டா: “அகதியெண்டா நல்ல சாப்பாடு தின்னக்கூடாதாமா?”

முகாமில் இருந்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வியின் முழுக் கனமும் தெரியும். நிவாரண வரிசையில் நிற்கிற பெண் காதில் தோடு போட்டிருந்தால், “இவவுக்கு என்ன குறை” என்று பதிவு எழுத வந்தவர்கள் தங்களுக்குள் கதைத்ததை நாங்கள் கேட்டிருக்கிறோம். துன்பப்பட்டவர் துன்பப்பட்டவர் மாதிரியே இருக்க வேண்டும். லண்டனில் கொஞ்சம் கூடுதலாக.

2012 இல் அமெரிக்கப் பந்தாட்ட இறுதிப்போட்டி மேடையில் மடோனாவோடு பாடும்போது மாயா கமராவுக்கு நடுவிரலைக் காட்டிவிட்டார். பந்தாட்டச் சங்கம் ஒரு கோடியே அறுபத்தாறு இலட்சம் டொலர் கேட்டு நடுவர் விசாரணைக்கு இழுத்தது. 2014 இல்தான் அது சமரசமானது. மருமகன் கணக்கை ரூபாயில் பெருக்கிச் சொல்ல, அம்மா தன் விரலைத் தூக்கிப் பார்த்தா. “ஒரு விரலுக்கா?” அன்றிரவு வீட்டில் எல்லோரும் சிரித்தது அதற்குத்தான்.

சிரிப்புக்குப் பிறகு மருமகன் கேட்டான். “மாமா, 2009 இல நீங்க எல்லாரும் என்ன செய்தீங்க?”

பிபிசி தமிழோசை கேட்டோம். இரவு ஒன்பதே காலுக்கு, சத்தத்தைக் குறைத்து, ரேடியோவைக் காதோடு வைத்து. கிழக்கு 2007 இலேயே அரசாங்கத்தின் கைக்கு வந்துவிட்டது. 2008 இல் மாகாணசபைத் தேர்தலும் நடந்து, எங்களுக்கு யுத்தம் முடிந்துவிட்டதாகக் கணக்கு. வன்னியைப் பற்றித் தெருவில் ஒரு வார்த்தை கதைக்க முடியாது. கேட்கிறவன் யார், எந்தக் குழுவின் ஆள், யாரிடம் போய்ச் சொல்வான் என்று தெரியாது. வேலியோரம் நின்று, “கேட்டியளா?” என்பார்கள். “ம்” என்போம். அவ்வளவுதான். நாங்கள் வாயை மூடியிருந்த அதே மாதங்களில்தான் அந்தப் பெண் உலகத் தொலைக்காட்சிகளில் ஒட்டாத வசனங்களில் கத்திக்கொண்டிருந்தார். அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பெருமைப்பட்டிருப்போமா, இது எங்களுக்கு இன்னும் கரைச்சல் என்று பயந்திருப்போமா? பயந்திருப்போம் என்றுதான் நினைக்கிறேன். லண்டனில் இருந்த அக்காவே அப்போது, “இவ எங்கட மானத்தை வாங்கிறா” என்று சொல்லி ரீவியை நிற்பாட்டினவவாம். மருமகன் சொன்னான்.

இவ்வளவு சொன்ன பிறகு என் கோபத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் படத்தில் இலங்கை என்றால் ஒரு பக்கம் அரசாங்கம், மறுபக்கம் தமிழர். நேர்கோடு. வெளிநாட்டுப் பத்திரிகைகள் மாயாவின் தகப்பனைப் புலி என்றே எழுதிவந்தன. அருளர் ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1977 கலவர அகதிகள் கொழும்பிலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் போனதை வைத்து ‘லங்கா ராணி’ நாவல் எழுதியவர். ஈரோஸ் பொடியள் எங்கள் பக்கத்துக்கும் வந்து வகுப்பெடுத்ததாக அப்பா சொல்லுவார். 1989 தேர்தலில் அவர்கள் ஆதரித்த சுயேச்சைக்காரர்கள் பதின்மூன்று ஆசனம் வென்றார்கள். அடுத்த வருடமே இயக்கம் கலைந்து புலிகளுக்குள் போய்விட்டது. இப்படி எத்தனை இயக்கம், எத்தனை கலைப்பு, யார் யாரைச் சுட்டது என்பதெல்லாம் லண்டன் பார்வையாளருக்கு வேண்டாத சிக்கலாக இருக்கலாம். கதிரவெளிக்காரனால் அதைத் தாண்டிப் போக முடியாது. 2004 ஏப்ரல் 9, பெரிய வெள்ளிக்கிழமை, வன்னியிலிருந்து வந்த புலிகளின் அணி வெருகல் ஆற்றைக் கடந்தது. இந்தப் பக்கம், தலைமையிலிருந்து பிரிந்த கிழக்குத் தளபதி கருணாவின் கட்டளையில் நின்றவர்களும் புலிகள்தான், எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள். தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளைச் சுட்ட சத்தத்தை நாங்கள் வீட்டுக்குள் குந்தியிருந்து கேட்டோம். தாய்மார் ஆற்றங்கரையில் தேடினார்கள். அந்த வருடக் கடைசியில், டிசம்பர் 26 இல், கடல் வந்தது. அப்பாவும் போனார். அல்பங்களும் போயின. ‘அருளர்’ இசைத்தட்டு வெளிவந்த நேரம் நாங்கள் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம்.

தகப்பனைப் பற்றிப் பிள்ளைகள் மூவரும் வாக்குவாதப்படும் பழைய வீடியோ ஒன்று படத்தில் வருகிறது. இலட்சியத்துக்காக வீட்டை விட்ட மனிதனைப் பெருமையாக நினைப்பதா, கைவிட்டுப்போனவன் என்று நினைப்பதா? ஒரே தகப்பன், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு கணக்கு. என்னை அந்த இரவு முழுக்கத் தூங்கவிடாமல் செய்தது இதுதான். இயக்கத்துக்குப் போன தகப்பன்மார் எங்கள் ஊரிலும் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே கோபம் இருந்திருக்கும். ஆனால் சுவரில் மாலை போட்ட படம் தொங்கும் வீட்டில் யார் அதை வாய்விட்டுச் சொல்வது? மாயாவின் வீட்டில் சொல்கிறார்கள், அதுவும் கமரா ஓடிக்கொண்டிருக்கும்போது, சிரித்துக்கொண்டும் சீறிக்கொண்டும். அருளர் 2019 இறுதியில் காலமானார்.

2001 இல், பாடகியாவதற்கு முன், மாயா தன் உறவினரைப் படம் எடுக்கவென்று இலங்கைக்கு வந்தார். அந்தக் காட்சிகள்தான் என் கணக்கில் இந்தப் படத்தின் உயிர். வீட்டுப் பெண்கள் குந்திலிருந்து கதைக்கிறார்கள், அம்மம்மா கதைக்கிறா. பெரிய அரசியல் ஒன்றும் இல்லை. லண்டன் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், கிண்டலடிக்கிறார்கள், பயத்தையும் இடையில் சொல்கிறார்கள். எங்கட சனம் இவ்வளவு சாதாரணமாக ஒரு படத்துக்குள் இருந்து நான் பார்த்ததேயில்லை. ஒளிவீச்சில் இப்படி இருக்கவிடமாட்டார்கள். தொண்டு நிறுவனப் படத்திலும் விடமாட்டார்கள். அம்மா திரைக்குக் கிட்டப் போய், “இவ ஆர்? எந்த ஊர்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தா, ஏதோ கலியாண வீட்டில் கண்டவவைப் போல.

2006 நவம்பர் 8 ஆம் திகதி எங்கள் விக்னேஸ்வரா வித்தியாலயத்தின் மேல் இராணுவம் ஏவிய ஷெல்கள் விழுந்தன. மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் ஓடிவந்த சனம் அங்கே தங்கியிருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். புலிகள் அங்கிருந்து சுட்டதாக அரசாங்கம் சொன்னது. முகாமுக்குள் இராணுவ நிலை எதையும் தாங்கள் காணவில்லை என்று போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு சொன்னது. இரண்டு மாதத்தில், 2007 ஜனவரியில், வாகரையும் விழுந்தது. நாங்கள் காட்டுவழியே நடந்து மட்டக்களப்புப் பக்க முகாம்களுக்குப் போனோம். அந்த நாளின் படங்கள் இணையத்தில் இன்றும் கிடைக்கும். கதிரவெளி என்று தேடினால் அவைதான் முதலில் வரும். அதில் எங்களைப் பிணமாகக் காணலாம், தலையில் அடித்து அழுகிறவர்களாகக் காணலாம். நவம்பர் 7 ஆம் திகதி எப்படி இருந்தோம் என்பதற்கு ஒரு படமும் இல்லை. அன்று பள்ளிக்கூட மரநிழலில் மூதூர்ப் பெண்களும் எங்கள் பெண்களும் இருந்து பேன் பார்த்தார்கள். சாதிக்காயையும் வசம்பையும் பற்றி, யாருடைய குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று கதைத்தார்கள். ஒருத்தி நன்றாகப் பகிடி விடுவா. அவ அடுத்த நாள் இல்லை. அவவின் பகிடியை நான் இங்கே எழுதினாலும் உங்களுக்குச் சிரிப்பு வராது. அது அவ சொல்லிக் கேட்க வேண்டியது.

ஆகவே மாயாவின் வாய் நீளம், விரல் நீளம், அரசியலில் தெளிவில்லை என்று யார் என்ன சொன்னாலும் நான் அவர் பக்கம்தான். இருபதுகளில் ஒரு கமராவைத் தூக்கித் தன் வீட்டாரின் சண்டையையும் அம்மம்மாவின் கதையையும் எடுத்து, அதைத் தொலைக்காமல் வைத்திருந்தாரே, அது போதும். பாட்டுகளில் பாதி எனக்கு இன்னும் சத்தமாகத்தான் கேட்கிறது.

படம் முடிந்த கையோடு மருமகன் ஒன்று சொன்னான். லண்டனில் அக்காவின் அலுமாரியில் ஒரு பழைய வீடியோ கசற் கிடக்கிறதாம், போட்டுப்பார்க்க டெக் இல்லையாம். எனக்கு உடனே விளங்கியது. அக்காவின் சாமத்தியச் சடங்கு. வாழைச்சேனை ஸ்ரூடியோக்காரர் வந்து எடுத்தது, அக்கா கலியாணம் கட்டிப் போகும்போது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனது. அவன் திரும்பிப்போய் அதை மாற்றி அனுப்பினான். நிறம் போய், கோடு கோடாக ஓடுகிறது. அதில் அப்பா வருகிறார். அழகாகச் சாரம் கட்டி, வெற்றிலை போட்ட வாயோடு, வீடியோக்காரரைப் பார்த்து ஏசுகிறார்: “லைற்ற அங்கால திருப்படாம்பி, சனத்துக்குக் கண் கூசுது.” எங்களிடம் இருக்கும் அப்பாவின் குரல் இவ்வளவுதான். அம்மா அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறா. ஏசினாலும் மனிசன்ர குரல் நல்ல குரல் என்கிறா.

கதிரவெளி, புச்சாக்கேணி, பால்சேனை, வாகரைக்காரருக்கு, முக்கியமாக வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு, ஒரு வேண்டுகோள். சுனாமியும் இடப்பெயர்வும் எங்கள் வீடுகளில் இருந்தவற்றை எல்லாம் கொண்டுபோய்விட்டன. தப்பியிருந்தால் உங்களுக்கு அனுப்பிய கசற்றுகளும் படங்களும்தான் தப்பியிருக்கும். கலியாணம், சாமத்தியம், கோயில் சடங்கு, கூத்து, மரணவீடு எதுவாயினும் தேடிப் பாருங்கள். பூஞ்சணம் பிடித்த கசற்றைப் பழைய டெக்கில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடா சிக்கி அறுந்துவிடும். டிஜிட்டலாக மாற்றித் தருகிற ஸ்ரூடியோவில் கொடுங்கள். அதில் வருகிற ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும், தெரிந்தால் திகதியையும், அம்மாமார் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். வீட்டார் சம்மதித்தால் ஒரு பிரதியை நூலக நிறுவனத்தின் ஆவணகத்துக்குக் கொடுங்கள், அவர்கள் இப்படியானவற்றைச் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். ஒரு கசற் இருக்கிறது, அதில் என்ன இருக்கிறதென்று தெரியாது என்றால், அதையும் எறியாதீர்கள்.